கொரியா எப்படி இரண்டானது? போரால் பிரிந்த ஒரு நாட்டின் கதை

வட கொரியா என்றதும் நமக்கு ஏவுகணையும் ராணுவ அணிவகுப்பும் நினைவுக்கு வருகின்றன. தென் கொரியா என்றதும் ஹூண்டாய் கார், சாம்சங் போன், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் தொடர்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தோன்றும். அதனாலேயே பலரும் இவை ஆதியிலிருந்து தனித்தனி நாடுகள், நடுவில் ஏதோ எல்லைத் தகராறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியில்லை. பத்தாம் நூற்றாண்டில் கோர்யோ வம்சம் அந்தத் தீபகற்பத்தை ஒன்றாக்கியதிலிருந்து 1945 வரை, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அது ஒரே நாடு. ஒரே மொழி. பதினைந்தாம் நூற்றாண்டில் சேஜோங் மன்னர் காலத்தில் உருவான அதே எழுத்து. கிம், லீ, பார்க் என்ற அதே குடும்பப் பெயர்கள். இன்று எல்லையின் இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு நிற்கிற இளைஞர்களின் கொள்ளுத்தாத்தாக்கள் ஒரே நாட்டில் பிறந்தவர்கள்.

முதன்முதலாகப் படிக்கிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கதை எளிதாகப் புரியும். கொரியாவில் இரண்டு பிரிவினைகள் நடந்தன. 1945-இல் நிலம் பிரிக்கப்பட்டது. 1950-இல் தொடங்கிய போரில் மக்கள் பிரிந்தார்கள். முதலாவதைச் சரிசெய்திருக்க முடியும். இரண்டாவது இன்றுவரை ஆறவில்லை.

கோட்டுக்கு முன்பு

1392 முதல் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கொரியாவை ஆண்டது ஜோசோன் வம்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீனா, ரஷ்யா, ஜப்பான் மூன்றும் அந்த நாட்டின்மேல் கண்வைத்தன. சீனாவையும் ரஷ்யாவையும் அடுத்தடுத்துப் போரில் தோற்கடித்த ஜப்பான், 1905-இல் கொரியாவைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, 1910-இல் முழுவதுமாகத் தன்னோடு இணைத்துக்கொண்டது.

அடுத்த 35 ஆண்டுகள் அடிமை வாழ்வு. 1919 மார்ச் 1 அன்று நாடு முழுக்கச் சுதந்திரம் கேட்டு மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஜப்பானியப் போலீஸும் ராணுவமும் அதை ரத்தத்தில் அடக்கின. 1930-களின் இறுதியில் பள்ளிகளிலிருந்து கொரிய மொழி வெளியேற்றப்பட்டது. 1940-இலிருந்து கொரியர்கள் தங்கள் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டார்கள். லட்சக்கணக்கானோர் ஜப்பானியச் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இழுத்துச் செல்லப்பட்டனர். இளம்பெண்கள் ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்டனர்.

இந்த ஆட்சி விட்டுச்சென்ற இரண்டு விஷயங்கள் பின்னால் நடந்த பிரிவினைக்கு முக்கியம். ஒன்று, ஜப்பான் தோற்றபோது கொரியாவில் பொறுப்பேற்கக் கொரியர்களின் அரசு என்று எதுவும் இல்லை. விடுதலைப் போராட்டத் தலைவர்கள் ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். கிம் கூவின் தற்காலிக அரசு சீனாவில். சிங்மன் ரீ அமெரிக்காவில். மஞ்சூரியாவில் ஜப்பானியரோடு கெரில்லாப் போர் நடத்திய கிம் இல்-சுங் சோவியத் மண்ணில். இரண்டாவது, அணைகளையும் மின்நிலையங்களையும் உர ஆலைகளையும் ஜப்பான் பெரும்பாலும் வடக்கில் கட்டியது. நெல் விளைந்ததோ தெற்கில். ஒன்றில்லாமல் மற்றொன்று வாழ முடியாத அமைப்பு அது.

அரை மணி நேரத்தில் ஒரு கோடு

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப் போகிறது என்பது தெரிந்துவிட்டது. சோவியத் படைகள் ஏற்கெனவே கொரியாவின் வடகிழக்கில் நுழைந்துவிட்டன. அமெரிக்கப் படைகளோ சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒகினாவாவில். இப்படியே விட்டால் முழுத் தீபகற்பமும் ஸ்டாலின் கைக்குப் போய்விடும் என்று வாஷிங்டன் பயந்தது. ஆகஸ்ட் 10 நள்ளிரவையொட்டி, டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு அமெரிக்க அதிகாரிகளிடம் ஒரு வேலை கொடுக்கப்பட்டது: ஜப்பானியப் படைகளின் சரணாகதியை யார் எங்கே ஏற்பது என்று ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.

இருவரும் கொரியாவைப் பற்றி அறிந்தவர்கள் இல்லை. கையில் இருந்தது நேஷனல் ஜியோகிராஃபிக் வரைபடம். தலைநகர் சியோல் அமெரிக்கப் பகுதிக்குள் வர வேண்டும் என்பதை மட்டும் பார்த்து, 38-ஆவது அட்சரேகையைப் பரிந்துரைத்தார்கள். அரை மணி நேர வேலை. ஸ்டாலின் மறுப்பேதும் சொல்லவில்லை. கொரியர் ஒருவரிடம்கூட யாரும் கேட்கவில்லை.

அட்சரேகைக்கு ஆறும் தெரியாது, ஊரும் தெரியாது. அந்தக் கோடு 12 ஆறுகளையும், 75-க்கும் மேற்பட்ட ஓடைகளையும், வடக்கு தெற்காக ஓடிய 6 ரயில் பாதைகளையும் வெட்டிக்கொண்டு போனது. மேற்குக் கரையில் ஓங்ஜின் தீபகற்பம் தெற்குக்குச் சொந்தமானது. ஆனால் தரைவழியாகத் தெற்கோடு அதற்குத் தொடர்பே இல்லாமல் போயிற்று. ஒன்றைக் கவனியுங்கள்: தோற்ற நாடான ஜப்பான் பிரிக்கப்படவில்லை. ஜப்பானால் அடிமைப்படுத்தப்பட்ட கொரியாதான் பிரிக்கப்பட்டது. கொரியர்கள் இன்றும் கசப்போடு சொல்லும் விஷயம் இது. அந்தக் கசப்பு நூற்றுக்கு நூறு நியாயமானது என்பதுதான் என் எண்ணமும்.

அப்போது எல்லோரும் இதைத் தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். 1945 டிசம்பரில் மாஸ்கோவில் கூடிய வல்லரசுகள், அதிகபட்சம் ஐந்து ஆண்டு மேற்பார்வைக்குப் பிறகு விடுதலை என்றன. இப்போதுதான் ஒரு மேற்பார்வையிலிருந்து வெளியே வந்தோம், இன்னொன்றா என்று மக்கள் கொதித்தார்கள். அமெரிக்க, சோவியத் பேச்சுவார்த்தைகள் எங்கும் போய்ச் சேரவில்லை. விவகாரம் ஐ.நா.வுக்குப் போனது. தேர்தலை மேற்பார்வையிட வந்த ஐ.நா. ஆணையத்தின் தலைவர் ஓர் இந்தியர், கே.பி.எஸ். மேனன். ஆணையத்தை வடக்கே நுழைய விடவில்லை. ஆகவே 1948 மே 10 அன்று தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது.

தெற்கில் மட்டும் தேர்தல் என்றால் பிரிவினையை நிரந்தரமாக்குவதுதான் என்று அப்போதே எச்சரித்தவர் கிம் கூ. அவர் இடதுசாரி இல்லை, பழுத்த தேசியவாதி. 1948 ஏப்ரலில் கோட்டைத் தாண்டிப் பியோங்யாங் போய் வடக்குத் தலைவர்களோடு பேசிப் பார்த்தார். பலன் இல்லை. அடுத்த ஆண்டு ஜூனில் சியோலில் ஒரு தென் கொரிய ராணுவ அதிகாரியின் துப்பாக்கிக்குப் பலியானார். தேர்தலை எதிர்த்து ஜேஜு தீவில் வெடித்த கிளர்ச்சி அடக்கப்பட்டபோது செத்தவர்கள் 25,000 முதல் 30,000 வரை இருக்கும் என்பது அரசே அமைத்த விசாரணைக் குழுவின் மதிப்பீடு. அந்தச் சிறு தீவில் பத்தில் ஒருவர்.

1948 ஆகஸ்ட் 15 அன்று தெற்கில் கொரியக் குடியரசு, சிங்மன் ரீ தலைமையில். செப்டம்பர் 9 அன்று வடக்கில் கொரிய ஜனநாயக மக்கள் குடியரசு, கிம் இல்-சுங் தலைமையில். இரண்டும் முழுக் கொரியாவும் தனக்கே என்றன.

ஆனாலும் மக்கள் இன்னும் பிரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1948 மே வரை தெற்கின் விளக்குகள் வடக்கின் மின்சாரத்தில்தான் எரிந்தன. போர் தொடங்கும் வரை கேசாங் நகரம் வழியாகக் கடிதங்கள் போய் வந்தன. வியாபாரிகள் ராத்திரியில் கோட்டைத் தாண்டினார்கள். 1946-இல் வடக்கில் நிலச் சீர்திருத்தம் வந்தபோது நிலக்கிழார்களும், பியோங்யாங்கைச் சுற்றி அதிகமாக வாழ்ந்த கிறிஸ்தவர்களும் பெருந்திரளாகத் தெற்கே நடந்தார்கள். சில இடதுசாரிகள் வடக்கே போனார்கள். கஷ்டம்தான், ஆபத்தும்தான். ஆனால் அம்மா வடக்கில், மகன் தெற்கில் என்றால் ஒரு தகவலாவது வந்துகொண்டிருந்தது.

ஒரே ஆண்டில் நான்கு முறை கைமாறிய தலைநகரம்

1950 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. ஸ்டாலினின் ஒப்புதலோடும் சோவியத் டாங்கிகளோடும் வட கொரியப் படை கோட்டைத் தாண்டியது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. ஜூன் 28 விடியுமுன், பின்வாங்கிய தென் கொரிய ராணுவம் ஹான் ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தது. பாலத்தின்மேல் தப்பியோடிக்கொண்டிருந்த மக்கள் இருந்தார்கள். பலர் அங்கேயே செத்தார்கள். ஆற்றுக்கு வடகரையில் சிக்கிய லட்சக்கணக்கானோர் அடுத்த மூன்று மாதம் வடக்கின் ஆட்சியில் கிடந்தார்கள்.

இந்தப் போரின் முதல் ஆண்டு எப்படி நகர்ந்தது என்று தெரிந்தால்தான் மக்கள் ஏன் இப்படிச் சிதறினார்கள் என்பது விளங்கும். பெரும்பாலான போர்களில் எல்லைக்கருகில் இருப்பவர்கள் அதிகம் பாதிக்கப்படுவார்கள், உள்ளே இருப்பவர்கள் ஓரளவு தப்பிப்பார்கள். கொரியாவில் அப்படி ஓர் உள்ளே இல்லை. ஆகஸ்டில் வட கொரியப் படை தென்கோடியில் பூசானைச் சுற்றிய ஒரு மூலையைத் தவிர மற்ற அனைத்தையும் பிடித்துவிட்டது. செப்டம்பர் 15-இல் அமெரிக்கத் தளபதி மாக் ஆர்தர் தலைமையில் ஐ.நா. கொடியோடு அமெரிக்கப் படைகள் இஞ்சியோன் துறைமுகத்தில் இறங்கி, சியோலை மீட்டு, வடக்கே புகுந்தன. அக்டோபர் 19-இல் பியோங்யாங்கைப் பிடித்துச் சீன எல்லைவரை நெருங்கின. அப்புறம் வடக்குக்குத் துணையாகச் சீனா இறங்கியது. 1951 ஜனவரி 4-இல் சியோல் மறுபடி விழுந்தது. மார்ச்சில் மறுபடி மீட்கப்பட்டது. போர்முனை தீபகற்பத்தின் அடிவரை இறங்கி, உச்சிவரை ஏறி, மறுபடி நடுவுக்கு வந்தது.

ஒவ்வொரு முறை ஊர் கைமாறும்போதும் ஒரு கணக்குத் தீர்க்கப்பட்டது. போன படைக்குச் சோறு போட்டவர் யார்? யார் வீட்டில் கொடி பறந்தது? போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, இடதுசாரிகள் என்று முன்பே பதிவு செய்யப்பட்டிருந்த பல்லாயிரம் பேரை விசாரணையே இல்லாமல் தென் கொரிய அரசு சுட்டுக்கொன்றது. வடக்கின் படைகள் பிடித்த ஊர்களில் போலீஸ் குடும்பங்களையும் அதிகாரிகளையும் கொன்றன. பின்வாங்கும்போது சிறைக் கைதிகளைக் கொன்றன. ஜூலையில் நோகுன்-ரி என்ற இடத்தில் ரயில் பாலத்தடியில் ஒதுங்கிய அகதிகளை அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஒரே ஊரில் இரண்டு பக்கமும் செத்தவர்கள் இருந்தார்கள். கொன்றவர் யார் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். வரைபடத்தில் போட்ட கோட்டால் செய்ய முடியாததை இது செய்தது.

வானிலிருந்து விழுந்ததும் கொஞ்சமில்லை. அமெரிக்கா கொட்டிய குண்டுகள் 6,35,000 டன். அதற்குள் நேபாம் தீக்குண்டுகள் மட்டும் 32,000 டன்னுக்கு மேல். வடக்கின் நகரங்கள் பெரும்பாலும் தரைமட்டமாயின. அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கா என்றால் ஏன் அப்படி வெறுப்பார்கள் என்பதற்கு அரசுப் பிரச்சாரம் மட்டும் காரணமில்லை.

"ஒரு வாரத்தில் திரும்பிவிடுவோம்"

1950 டிசம்பரில், சீனப் படை நெருங்கியபோது, கிழக்குக் கரையின் ஹங்நாம் துறைமுகத்தில் உறைபனியில் மக்கள் திரண்டார்கள். ராணுவத்தோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்களைக் கப்பல்கள் ஏற்றிச்சென்றன. அவற்றில் ஒன்று மெரிடித் விக்டரி என்ற சரக்குக் கப்பல். மாலுமிகளைத் தவிர 12 பயணிகளுக்கு மட்டுமே அதில் இடம். கேப்டன் லெனார்ட் லாரூ 14,000 பேரை ஏற்றினார். சரக்கறைகளில் நின்றபடியே, உணவும் தண்ணீரும் வெளிச்சமும் இல்லாமல் வந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை, வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. கோஜே தீவில் இறங்கிய அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு தம்பதிக்கு 1953-இல் பிறந்த மகன்தான், பின்னாளில் தென் கொரிய அதிபரான மூன் ஜே-இன்.

இப்படித் தெற்கே வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு வரவில்லை. படையில் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் ஆண்கள் முதலில் கிளம்பினார்கள். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்கினார்கள். ஒரு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம் என்ற கணக்கு. போர்முனை ஏற்கெனவே ஒருமுறை இறங்கி ஏறியிருந்ததால் அந்த நம்பிக்கை முட்டாள்தனமானதும் இல்லை.

பூசானில் அகதிகள் நிறைந்து வழிந்தார்கள். அமி-தோங் என்ற மலைச்சரிவில் ஜப்பானியர் காலத்து இடுகாடு இருந்தது. இடமில்லாதவர்கள் அந்தக் கல்லறைக் கற்களையே அஸ்திவாரமாக வைத்து வீடு கட்டினார்கள். இன்றும் அங்கே படிக்கட்டிலும் சுவரிலும் ஜப்பானியப் பெயர் பொறித்த கற்களைப் பார்க்கலாம். பிரியும்போது எல்லோரும் "பூசானில் யோங்தோ பாலத்தில் சந்திப்போம்" என்று சொல்லிக்கொண்டார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அதுதான். பாலத்தின் கைப்பிடிகளில் ஆளைத் தேடும் சீட்டுகள். பாலத்தடியில் வரிசையாக ஜோசியக்காரர்கள். அப்பா உயிரோடு இருக்கிறாரா, எப்போது வருவார் என்று கேட்க அத்தனை பேர் வந்தார்கள்.

கிழக்குக் கரையில் சோக்சோ என்ற ஊரில் கடலோர மணல்திட்டில் வடக்கின் ஹம்கியோங் மாகாணத்து அகதிகள் குடிசை போட்டார்கள். வழி திறந்தால் முதலில் ஊர்திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று எல்லைக்குப் பக்கமான இடமாகப் பார்த்தார்கள். வழி திறக்கவில்லை. அந்தக் குடியிருப்பு இன்று அபாய் கிராமம் என்ற பெயரோடு இருக்கிறது. இரும்புக் கயிற்றைக் கையால் இழுத்து ஓட்டும் தெப்பத்தில் நகரத்திலிருந்து அங்கே போகலாம். வடக்கின் முறைப்படி செய்த சுந்தே என்ற உணவு அங்கே கிடைக்கும். சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த உணவைத் தெற்கே கொண்டுவந்தவர்களில் அநேகமாக எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்தியர்கள் அங்கே என்ன செய்தார்கள்?

இது பலருக்கும் தெரியாத பகுதி. போருக்குத் துருப்புகளை அனுப்ப மறுத்த நேரு, ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பினார்: 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் அவசரமாகப் பின்வாங்கியபோது, மருந்துகளையும் கருவிகளையும் விட்டுவிட்டு வரச்சொன்னார்கள். ரங்கராஜின் ஆட்கள் கைவிடப்பட்ட ஒரு நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் நிரப்பி, மொத்தப் பொருளையும் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓட்டி வந்துவிட்டார்கள். மகாவீர் சக்ரா விருது ரங்கராஜுக்குக் கிடைத்தது.

அதற்கு முன்பே இன்னொரு முக்கியமான சம்பவம். 1950 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நள்ளிரவில், சீனப் பிரதமர் சூ என்லாய் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை வரவழைத்து, அமெரிக்கப் படை 38-ஆவது அட்சரேகையைத் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்று சொன்னார். பணிக்கர் வழியாக அந்த எச்சரிக்கை வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் போர் அந்த அக்டோபரிலேயே முடிந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1953-இல் போர் நின்றதும் போர்க்கைதிகள் விவகாரமும் இந்தியாவிடம்தான் வந்தது. ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளைப் பார்த்துக்கொள்ள ஜெனரல் திம்மய்யா தலைமையில் ஆணையம் அமைந்தது. காவலுக்கு ஏறக்குறைய ஆறாயிரம் இந்தியச் சிப்பாய்கள் போனார்கள். தென் கொரிய மண்ணில் அவர்கள் கால்படக் கூடாது என்று சிங்மன் ரீ அடம்பிடித்ததால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் நேராக, இரண்டு கொரியாக்களுக்கும் நடுவில் படை இல்லாமல் விடப்பட்ட ராணுவ நீக்கப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று சொன்ன 88 கைதிகள், பெரும்பாலும் கொரியர்கள், 1954 பிப்ரவரியில் இந்தியப் படையோடு கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தார்கள். பின்னர் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். ஒருசிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள்.

நின்றது, ஆனால் முடியவில்லை

பேச்சுவார்த்தை 1951 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் இரண்டு ஆண்டு இழுத்தது. பெரிய தடை, கைதிகளைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்புவதா, அவர்கள் விருப்பத்துக்கு விடுவதா என்ற கேள்வி. அந்த இரண்டு ஆண்டும் சிறுசிறு குன்றுகளுக்காக ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் செத்தார்கள். கடைசியில் 1953 ஜூலை 27 காலை 10 மணிக்கு எல்லை ஊரான பான்முன்ஜோமில் இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போயின. மொத்தச் சாவு 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. பெரும்பாலோர் சாதாரண மக்கள்.

அன்று கையெழுத்தானது போர்நிறுத்த ஒப்பந்தம். சமாதான ஒப்பந்தம் இல்லை. போர்நிறுத்தம் என்றால் படைகள் இருக்கிற இடத்தில் நிற்கும், சுடாது, அவ்வளவுதான். எல்லை எது, யார் யாரை அங்கீகரிப்பது, ஊர் திரும்புவது எப்படி என்பதையெல்லாம் அடுத்து கூடும் அரசியல் மாநாடு தீர்க்கும் என்று எழுதிவைத்தார்கள். 1954-இல் ஜெனீவாவில் அந்த மாநாடு கூடி, ஒன்றும் தீராமல் கலைந்தது. அதிலும் ஒரு சிக்கல்: ஒப்பந்தத்தில் ஐ.நா. தளபதியும் வட கொரியாவும் சீனத் தரப்பும் கையெழுத்திட்டன. தென் கொரியா கையெழுத்திடவே இல்லை. சட்டப்படி பார்த்தால் அந்தப் போர் இன்னும் முடியவில்லை.

படைகள் நின்ற இடமே புதிய கோடு. அது பழைய அட்சரேகையைச் சாய்வாக வெட்டிப் போகிறது. தெற்கில் இருந்த கேசாங் வடக்குக்குப் போயிற்று. வடக்கில் இருந்த சோக்சோ தெற்குக்கு வந்தது. கோட்டின் இருபுறமும் இரண்டிரண்டு கிலோமீட்டர் ராணுவ நீக்கப் பகுதி. பெயர்தான் அப்படி, அதன் இரண்டு ஓரங்களிலும் உலகிலேயே அதிகமாக ஆயுதம் குவிந்திருக்கிறது. உள்ளே தெற்கின் தேசோங்-தோங், வடக்கின் கிஜோங்-தோங் என்று ஆளுக்கொரு கிராமம். தேசோங்-தோங்வாசிகளுக்கு வரியும் இல்லை, கட்டாய ராணுவச் சேவையும் இல்லை. ஆனால் ராத்திரியானால் ஊரடங்கு.

பிரிந்தவர்கள்

1953-க்குப் பிறகு கடிதமும் இல்லை, போனும் இல்லை. உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. தேடுவதே ஆபத்தாக இருந்தது. வடக்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சோங்புன் என்ற தரவரிசை உண்டு: நம்பத்தக்கவர், ஊசலாடுபவர், பகைவர். சொந்தக்காரர் தெற்கே ஓடியவர் என்றால் கடைசி வகைக்குத் தள்ளப்படுவார்கள். நல்ல படிப்போ வேலையோ பியோங்யாங்கில் குடியிருப்போ கிடைக்காது. தெற்கிலும் அண்ணன் வடக்கே போனவர் என்றால் தம்பிக்கு அரசு வேலையோ பாஸ்போர்ட்டோ கிடைக்காத காலம் 1980 வரை நீடித்தது. பல குடும்பங்கள் அந்த அண்ணன் பிறக்கவே இல்லை என்பதுபோல வாழப் பழகின.

தெற்குக்குள்ளேயே தொலைந்தவர்களும் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 1983 ஜூன் 30 அன்று தென் கொரியத் தொலைக்காட்சியான கேபிஎஸ், போரில் பிரிந்தவர்களைத் தேடும் ஒரு நேரலையைத் தொடங்கியது. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியாகத் திட்டமிட்டது, 138 நாட்களில் 453 மணி நேரம் ஓடியது. மார்பில் அட்டையைப் பிடித்துக்கொண்டு மக்கள் கேமராமுன் நின்றார்கள்: பிரிந்தபோது வயது 6, அப்பா பெயர் இன்னது, நெற்றியில் தழும்பு. பெயரே மறந்துபோனவர்கள், வீட்டுக்கு முன்னால் ஒரு கிணறு இருந்தது என்று எழுதினார்கள். சியோலின் யோயிதோ பகுதியில் இருந்த நிலையத்தின் சுவர்களெல்லாம் காகிதம். ஒரு லட்சம் பேர் விண்ணப்பித்ததில் 10,189 பேர் தங்கள் உறவைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதிவுகள் 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தன.

வடக்கு தெற்கு உறவுகளின் சந்திப்பு 1985-இல் ஒருமுறை சிறிய அளவில் நடந்தது. 2000-இல் தெற்கின் அதிபர் கிம் தே-ஜுங்கும் வடக்கின் தலைவர் கிம் ஜோங்-இல்லும் பியோங்யாங்கில் சந்தித்த பிறகு முறையாகத் தொடங்கி, 2018 வரை 21 முறை நடந்தது. தெற்கில் பெயர் பதிந்தவர்கள் சுமார் 1,34,000 பேர். ஒவ்வொரு முறையும் பக்கத்துக்கு ஏறக்குறைய 100 பேருக்குத்தான் இடம். கணினிக் குலுக்கலில் தேர்வு. பெரும்பாலும் வடக்கின் கும்காங் மலையில் மூன்று நாள், எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் போல. 2018-இல் 92 வயதுத் தாய் ஒருவர், நான்கு வயதில் கைநழுவிப்போன மகனை 71 வயதுக் கிழவராகப் பார்த்தார். மூன்றாம் நாள் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு கடிதம்கூடக் கிடையாது. மறுமுறை பெயர் விழாது. ஒருமுறை பார்த்துவிட்டு வந்தபின் தூக்கமே போயிற்று, பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு.

கடல் தாண்டியும் பிளவு போயிற்று. ஜப்பானில் தங்கிவிட்ட கொரியர்கள் வடக்கு ஆதரவு, தெற்கு ஆதரவு என்று இரண்டு சங்கங்களாகப் பிரிந்தார்கள். 1959 முதல் 1984 வரை சுமார் 93,000 பேர் ஜப்பானிலிருந்து வட கொரியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் தெற்கு. சொர்க்கம் என்று சொல்லி அழைத்த இடத்திலிருந்து மிகச் சிலரே மீள முடிந்தது.

இரண்டு சமூகங்கள்

போருக்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1970-களின் தொடக்கம்வரை பொருளாதாரத்தில் வடக்கு பின்தங்கியிருக்கவில்லை. தெற்கில் ராணுவ ஆட்சி; 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ஜனநாயகம் கேட்ட மக்களை ராணுவம் சுட்டது. 1987-இல் தெருவில் இறங்கிய மக்கள்தான் அங்கே தேர்தல் ஜனநாயகத்தைக் கொண்டுவந்தார்கள். தொழில்வளர்ச்சியும் அந்த ஆண்டுகளில்தான். வடக்கில் தலைமை தாத்தா, மகன், பேரன் என்று ஒரே குடும்பத்தில் இருக்கிறது. சோவியத் யூனியன் விழுந்ததும் எண்ணெயும் உரமும் நின்று, 1990-களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர்.

வடக்கிலிருந்து தப்பித் தெற்கே வந்து சேர்ந்தவர்கள் இதுவரை சுமார் 34,000 பேர். நேராக எல்லையைக் கடப்பவர்கள் அபூர்வம். சீனாவுக்குள் ஆற்றைத் தாண்டி, அங்கிருந்து தாய்லாந்து போன்ற நாடுகள் வழியாகச் சுற்றி வருகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். வந்ததும் ஹனாவோன் என்ற மையத்தில் மூன்று மாதப் பயிற்சி: வங்கிக் கணக்கு, மெட்ரோ, வேலைக்கு விண்ணப்பிப்பது. அதன்பிறகும் உச்சரிப்பைக் கேட்டதுமே ஆளை வேறாகப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் சொல்வதுண்டு. மிச்சம்பிடித்த பணத்தைச் சீனத் தரகர்கள் வழியாக வடக்கிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்புகிறார்கள். தரகர் கமிஷன் போக மீதிதான் போய்ச்சேரும்.

மறுபடி ஒன்றாகுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. இப்போதைக்கு அறிகுறி இல்லை. கேசாங்கில் தெற்கின் நிறுவனங்களும் வடக்கின் ஐம்பதாயிரம் தொழிலாளர்களும் சேர்ந்து இயங்கிய தொழிற்பேட்டை 2016-இல் மூடப்பட்டது. 2018 ஏப்ரலில் வடக்கின் தலைவர் கிம் ஜோங்-உன்னும் தெற்கின் அதிபராக இருந்த மூன் ஜே-இன்னும் பான்முன்ஜோமில் கைகோத்துக் கோட்டைத் தாண்டினார்கள். 2020 ஜூனில் வடக்கு, இருதரப்புத் தொடர்பு அலுவலகக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தது. 2024 ஜனவரியில் கிம் ஜோங்-உன், ஒன்றிணைப்பு என்ற இலக்கையே கைவிடுவதாகவும் தெற்கு பகை நாடு என்றும் அறிவித்தார். பியோங்யாங்கில் இருந்த ஒன்றிணைப்பு வளைவு இடிக்கப்பட்டது. தெற்கில் இளைஞர்கள் பலருக்கும் ஒன்றிணைப்பில் பெரிய ஆர்வமில்லை. அந்தச் செலவை யார் சுமப்பது என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. பார்த்தே இராத உறவு அது.

ஆனால் ஒன்றிணைப்பும் குடும்பங்களின் சந்திப்பும் ஒன்றல்ல. முன்னது அரசுகளின் விஷயம், எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் ஆகலாம். பின்னதுக்குக் காலமில்லை. பதிவு செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இறந்துவிட்டார்கள். இருப்பவர்களில் பெரும்பாலோர் எண்பதைத் தாண்டியவர்கள். தென் கொரிய அரசு இப்போது அவர்களின் மரபணு மாதிரியையும் வீடியோவில் பதிவுசெய்த பேச்சையும் சேமித்துவைக்கிறது, பின்னாளில் பிள்ளைகளாவது அடையாளம் காணட்டும் என்று. அணு ஆயுதப் பேச்சு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று இதைத் தள்ளிப்போட இரண்டு அரசுகளுக்கும் உரிமையில்லை என்றே நினைக்கிறேன். நேரில் சந்திக்க வைக்க முடியாவிட்டாலும், போருக்கு முன் கேசாங் வழியாகத் தபால் போய் வந்ததுபோல, இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னார் இந்த ஆண்டு இறந்தார் என்ற தகவலையாவது செஞ்சிலுவைச் சங்கம் வழியாகக் கொடுக்கலாம். வடக்கில் பலருக்கு அப்பா அம்மாவின் திதி எந்த நாளில் கொடுப்பது என்பதே தெரியாது, தெற்கிலும் அப்படித்தான்.